மூச்சுக் குழாயில் கட்டிய துண்டு

நேற்று உன் வீட்டிலிருந்து கொண்டுவந்த இரும்பு வளையம் என் மேசைமேல் இருக்கிறது. அதற்குள் கறுப்பு ரப்பர் சீல் ஒன்று, விளிம்போடு விளிம்பாக, மயிரிழை கூடக் கோணாமல் உட்கார்ந்திருக்கிறது. உன் கை உட்கார வைத்தது. பழைய எண்ணெயின் வாசம் அதில் இன்னும் போகவில்லை. என் மூக்கைப் பற்றி நீ எத்தனை கேலி செய்திருப்பாய். அந்த மூக்குக்கு இன்று மாலையிலிருந்து இந்த வாசம் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

உன் மனைவி இதை ஏன் என்னிடம் கொடுத்தாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியது. சொல்ல ஏழு மாதம் இருந்தது எனக்கு. ஏழு மாதமும் உன் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தேனே தவிர, வாயைத் திறக்கவில்லை.

நம் ஷெட்டில் இன்று இந்த வருஷத்துக் காப்பிப் பழம் அரைக்க ஆரம்பித்தோம். மாரமங்கலத்துக்காரர்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார்கள். வாழவந்தியிலிருந்து வண்டிக்கு இரண்டு மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். பனி நன்றாக இறங்கியிருந்தது. சில்வர் ஓக் மரங்கள் இடுப்புக்கு மேல் தெரியவில்லை. உன் ஸ்டூலை யாரும் எடுத்துப் போடவில்லை. அது இருந்த இடத்திலேயே, டீசல் கேனுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஷெட்டில் இருக்கும் அந்த டீசல் இன்ஜின் நமக்கு வந்த கதை உனக்கு ஞாபகம் இருக்கும். ஓர் எஸ்டேட்டில் பழைய சாமான்களைக் கழித்துக் கட்டியபோது, துருப்பிடித்த இரும்புக் குவியலுக்கு நடுவில் அது கிடந்தது. ஒற்றை சிலிண்டர், இரண்டு பக்கமும் ஆள் உயரத்தில் பாதிக்கு வரும் ஃப்ளைவீல் சக்கரம். "இது எங்க ஓடப்போவுது?" என்று நான் கேட்டதற்கு, நீ அதன் வயிற்றில் தட்டிப் பார்த்துவிட்டு, "உன்னயவிட நல்லா ஓடும்" என்றாய். ஓடியது, தோல் உரிக்கும் மெஷினையும் சுற்றியது. காப்பி நேரத்தில் கரண்டு எப்போது போகும் எப்போது வரும் என்று தெரியாத இந்த மலையில், சின்னச் சின்னத் தோட்டக்காரர்கள் எல்லாருடைய பழமும் அதை நம்பித்தான் இருந்தது. பறித்த பழத்தை அன்றைக்கே தோல் உரிக்காவிட்டால் மூட்டைக்குள்ளேயே சூடேறிப் புளித்துவிடும். அப்புறம் அதை எருக்குழியில்தான் கொட்ட வேண்டும்.

முதல் நாளே நாம் பேசி வைத்துக்கொண்டோம். காப்பி என் பாடு, இன்ஜின் உன் பாடு. "உன் காப்பியில நான் கைய வெக்க மாட்டேன். என் இன்ஜின்ல நீ கைய வெக்காத. ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் நல்லா இருப்போம்" என்றாய். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தபோது கூட நடுவில் சாக்பீஸால் கோடு போட்டவன் நீ. அந்தக் கோட்டை அப்போதும் நான்தான் தாண்டுவேன்.

என் மூக்கால் வந்த வினைதான் அந்த நீளக் குழாய். இன்ஜினுக்குப் பின்னால் சின்ன மூடி மாதிரி ஒன்று இருக்கும், பிரீதர் என்பாய். உள்ளே எண்ணெய்த் தொட்டியில் சேருகிற காற்றும் புகையும் அது வழியாகத்தான் வெளியே வரும். "நமக்கு மூக்கு மாதிரி அதுக்கு இது. மூச்சு உடாட்டி வயிறு ஊதிப்போயிரும்" என்று வாழவந்திக்காரர் ஒருவருக்கு நீ விளக்கிச் சொன்னது எனக்கும் காதில் விழுந்திருக்கிறது. விழுந்து என்ன பயன்? ஷெட்டுக்குள் அந்த எண்ணெய்ப் புகை அடிக்கிறது, பழத்தில் ஏறிவிடும் என்று நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். நீ ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, பிரீதரிலிருந்து ஓர் இரும்புக் குழாய் எடுத்து, சுவரில் ஓட்டை போட்டு, பின்பக்கமாக வெளியே விட்டாய். "ஆச்சா? உன் மூக்குக்கு ஒரு கோயில்தான் இன்னும் கட்டலை" என்றாய். அன்றிலிருந்து உனக்கு நான் மூக்குக்காரன்.

பின்பக்கம் சரிவு. பழத்தோல் கொட்டும் குழியை ஒட்டி வழுக்கும். கொண்டை ஊசி வளைவில் வண்டியோடு விழுந்த பிறகு உன் வலது முட்டி மடங்காது. அதனால் குழாயின் வெளிமுனையைப் பார்ப்பது மட்டும் என் வேலையானது. குளவி வந்து மண்கூடு கட்டிவிடும். தினமும் காலையில் நீ உள்ளே இருந்து, "பாத்தியா?" என்று ஒரு குரல் கொடுப்பாய். நான் போய்ப் பார்த்துவிட்டு, "பாத்தேன்" என்பேன். அதற்குப் பிறகுதான் நீ ஹேண்டிலைப் போட்டுச் சுற்றுவாய். எத்தனை வருஷம் அந்தக் கேள்வி, அந்தப் பதில். நாளடைவில் நான் போகாமலேயே "பாத்தேன்" என்று சொன்ன நாட்களும் உண்டு. அதையும் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

போன வருஷத்துக்கு முந்தைய சீசன் அது. இன்ஜினுக்கு வயசாகிவிட்டது. பிஸ்டன் ரிங் தேய்ந்து, மேலே எரிகிற புகை கீழே இறங்குகிறது என்றாய். "சீசன் முடியட்டும், ரிங்கு மாத்திரலாம். அதுவரைக்கும் குழாய்ல புகை கொஞ்சம் சாஸ்தியாத்தான் வரும். பொறுத்துக்க" என்றாய். நான் பொறுத்துக்கொள்கிற ஆளா? பின்பக்கத்திலிருந்து காற்று திரும்பினால் அந்தப் புகை நேரே காயப்போடும் களத்துக்கு வந்தது. அந்த வாரம்தான் சேலத்திலிருந்து காப்பி வாங்குகிறவரின் ஆள் வந்தார். ஒரு பிடி கொட்டையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து முகர்ந்து பார்த்தார். "ஏனுங்க, எண்ணெய் வாசம் அடிக்குதுங்களே" என்றார்.

என் மூக்கில் குத்து விட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன். எந்தச் சரிவில் விளைந்த காப்பி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிறவன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவனிடம் வந்து, உன் காப்பி நாறுகிறது என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போகிறான். அவர் போன கையோடு நான் பின்பக்கம் போனேன். தோளில் கிடந்த பழைய துண்டைப் பாதியாகக் கிழித்தேன். மடித்துக் குழாய் முனையில் சுற்றிக் கம்பியால் கட்டினேன்.

ஏன் செய்தேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே சிரிப்பும் அழுகையுமாக வருகிறது. காப்பி வடிகட்டுகிற மாதிரி நினைத்தேன். துணியில் வடிகட்டினால் மண்டி நின்றுகொள்ளும், டிகாக்ஷன் இறங்கிவிடும் அல்லவா? அப்படியே எண்ணெயும் கரியும் துணியில் நிற்கும், காற்று மட்டும் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். காப்பிக்காரன் புத்தி. நாலு நாள் கழித்து மறுபடியும் லேசாகப் புகை கசிந்தது. மீதிப் பாதித் துண்டையும் சுருட்டிக் குழாய்க்குள்ளேயே திணித்தேன். சீசன் முடிந்ததும் எடுத்துவிடலாம், நீ ரிங் மாற்றிவிட்டால் புகையே இருக்காது, உனக்குத் தெரியவே போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரம் ஒரு நாள் ஃப்ளைவீல் பக்கம் தரையில் எண்ணெய் தேங்கியிருந்தது. நீ குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாய். ஃப்ளைவீல் மாட்டிய கிராங்க் தண்டு எண்ணெய்த் தொட்டியை விட்டு வெளியே வருகிற இடத்தில் எண்ணெய் ஒழுகாமல் பிடித்துக்கொள்ளும் ரப்பர் சீல் போய்விட்டது என்றாய். அதை மாற்ற அந்த ராட்சச ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டும். நீயும் நானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து கழற்றினோம். புதுச் சீலை எண்ணெய் தடவி, சுற்றிலும் மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி உட்கார வைத்தாய். உன் நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கும் அப்போதெல்லாம். பள்ளிக்கூடத்தில் படம் வரையும்போதும் அப்படித்தான்.

அடுத்த நாள் மத்தியானத்துக்குள் மறுபடியும் ஒழுகியது.

மறுபடியும் கழற்றினாய். இன்னொரு சீல். பக்கவாட்டு மூடிக்கும் புதுப் பேக்கிங் அட்டை வெட்டிப் போட்டாய். இன்ஜினை ஓடவிட்டதும் பேக்கிங் ஓரத்தில் முத்து முத்தாக எண்ணெய் கட்டியது. எண்ணெய் அளவு பார்க்கிற கம்பி, யாரும் தொடாமல் தானாகவே மேலே எழும்பி வந்தது. நீ அதை விரலால் அமுக்கினாய். மறுபடியும் எழும்பியது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாய். உனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது என்று இப்போது தெரிகிறது.

பிரீதரைக் கழற்றி உள்ளே இருக்கும் சின்னத் தகட்டை டீசலில் கழுவினாய். சுத்தமாக இருந்தது. திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டாய்.

"வெளிய குழாய் முனைய பாத்தியா?"

ஷெட்டில் ஆறேழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மூட்டைகள் வாசல் வரை அடுக்கியிருந்தன. பழம் சூடேற ஆரம்பித்துப் புளிப்பு வாசம் வந்துவிட்டது. நான் சொன்னேன்:

"பாத்தேன். சுத்தமாத்தான் இருக்குது."

பழக்கத்தில் வந்த வார்த்தை என்று பின்னால் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். நீ கேட்டபோது அந்தத் துண்டு என் கண் முன்னாலேயே நின்றது. துணிதானே, காற்று போகாமலா இருக்கும் என்று ஒரு பக்கம் நினைத்தேன். அது ஒன்றுதான் எனக்கு இருந்த சாக்கு. இன்னொரு பக்கம், இத்தனை பேருக்கு முன்னால் நான் உன் இன்ஜினில் கை வைத்தேன் என்று எப்படிச் சொல்வது என்றிருந்தது. எனக்கு வெட்கம். அந்த வெட்கத்துக்காக உன்னைக் காட்டிக் கொடுத்தேன்.

நீ விடவில்லை. "எதுக்கும் அந்தக் குழாயைக் கழட்டி உட்டுட்டு ஓட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டாய். ஒரே நிமிஷத்தில் உண்மை தெரிந்திருக்கும். நான், "ஐயோ, புகை பூராவும் பழத்து மேல எறங்குமே, வேண்டாம். நாந்தான் பாத்தேங்கறேனே" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். "சரி, நீ பாத்தா நான் பாத்த மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு மூன்றாவது சீலை எடுத்தாய்.

மூன்றாவதும் ஒழுகியது. நீ கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தாய். கையை விரித்துப் பிடித்துக்கொண்டு விரல்களைப் பார்த்தாய். வாழவந்திக்காரர்தான் முதலில் பேசினார். அவரைக் குறை சொல்லி என்ன, அவருடைய மூன்று மூட்டை அன்றைக்கு வீணாகிக்கொண்டிருந்தது. "வயசாச்சுங்களே, கையி முன்ன மாதிரி இருக்குங்களா? உடுங்க, சேலத்துல இருந்து ஆளைக் கூட்டியாரலாம்" என்றார். யாராவது ஒருவர் மறுத்துப் பேசுவார் என்று நீ நினைத்திருப்பாய். மறுக்க வேண்டியவன் நான். காப்பி கழுவும் தொட்டியில் தண்ணீர் திறந்துவிடப் போகிற மாதிரி அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டேன்.

"கூப்புடுங்க" என்றாய். ஸ்பேனர்களைத் துடைத்துப் பையில் போட்டாய். என்னிடம், "பழம் கெடாம பாத்துக்க, மூக்குக்காரா" என்று சொல்லிவிட்டு, உன் ஊருக்குப் போகும் செம்மநத்தம் பஸ்ஸுக்குப் போய் நின்றுகொண்டாய்.

மறுநாள் காலை, மூட்டைக்காரர்கள் வருவதற்கு முன்பே சேலத்து மெக்கானிக் வந்தார். நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாத மனிதர். எழும்பி நிற்கும் எண்ணெய்க் கம்பியைப் பார்த்தார். குழாய் போகும் வழியைப் பார்த்தார். நேரே பின்பக்கம் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். கட்டுக்கம்பியை அறுத்துத் துண்டை இழுத்தார், வரவில்லை. இடுக்கியால் பிடுங்கினார். எண்ணெயும் கரியும் ஊறி, இறுகி, தார்க்கட்டி மாதிரி வந்தது. அதில் கைகால் முளைத்திருந்தாலும் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

"ஏனுங்க, இதைய யாரு இங்க அடைச்சது? காத்துப் போக வழியில்லாமத்தான் உள்ள இருக்கற எண்ணெயை வெளிய தள்ளுது."

நான் குழியில் கிடந்த பழத்தோலைப் பார்த்தேன். அவர் புரிந்துகொண்டார். உள்ளே போய் ஒழுகியிருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டார். அரை மணி நேரம் ஓடியது. ஒரு சொட்டு இல்லை. டார்ச் அடித்து சீலைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "நொம்ப நேர்த்தியாப் போட்டிருக்காருங்க. என்னால கூட இப்படி வராது. யாருங்க போட்டது?"

"எங்காளுதானுங்க" என்றேன். உன் பேரைச் சொல்ல நாக்கு எழவில்லை. பஸ் ஏற்றிவிடும்போது, துண்டு விஷயத்தை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவரைக் கேட்டுக்கொண்டேன். "எனக்கெதுக்குங்க?" என்றார். "ஆனா அந்தப் பெரியவருகிட்ட நீங்க சொல்லீருங்க" என்றார். சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ மாதா கோயிலுக்குப் போய்விட்டு வெள்ளைச் சட்டையோடு என்னைத் தேடி வந்தாய். முட்டி வலியோடு பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்தே வந்திருக்கிறாய்.

"மத்தியானத்துக்குள்ளயே முடிச்சிட்டானாமே?"

"ஆமா."

"என்ன பண்ணினான்?"

அது எனக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு. களத்தில் நம் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. நான் காப்பியைக் கிளறிக்கொண்டே, "சீலைத்தான் மறுபடியும் சரியா உக்கார வெச்சான்" என்றேன். எப்படி உட்கார வைத்தான், என்ன கருவி வைத்திருந்தான் என்று நீ ஆசையோடு கேட்டாய். நான் கவனிக்கவில்லை, காப்பிப் பக்கம் இருந்துவிட்டேன் என்றேன். நீ கையை ஒருமுறை மடக்கி விரித்தாய்.

"அப்ப என் கைதான்" என்றாய்.

அதற்குப் பிறகு நீ இன்ஜினைத் தொடவில்லை. ஷெட்டுக்கு வருவாய், ஸ்டூலில் உட்காருவாய், டீ குடிப்பாய், எல்லோரையும் கேலி பேசுவாய். ஹேண்டிலை நான்தான் சுற்றினேன். ரிங் மாற்றவும் சேலத்துக்காரரே வந்தார். அவர் வந்த அன்று மட்டும் நீ வரவில்லை. வந்திருந்தால் அவரே உன்னிடம் சொல்லியிருப்பார். நீ வராதது நல்லதாயிற்று என்று நான் மூச்சு விட்டேன். என்ன மனுஷன் நான், பார்.

கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டுக்கு வந்தபோது சொல்லலாம் என்று நினைத்தேன். வீடு நிறைய ஆட்கள். சீசன் முடியட்டும் என்றேன். முடிந்தது. மிளகு பறித்து முடியட்டும் என்றேன். ஒரு நாள் பஸ்ஸில் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தேன். வாழவந்தி தாண்டியதும் சொல்லலாம் என்றிருந்தேன். அங்கே ஏறியவர் உனக்கு வணக்கம் போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார். அவரை வாழ்த்தினேன் மனசுக்குள். ஆடிக் காற்று அடித்த ஒரு விடியற்காலையில் நெஞ்சு வலி என்று எழுந்து உட்கார்ந்தவன் அப்படியே போய்விட்டாய். உன் பெட்டியை மண்ணில் இறக்கியபோது கயிற்றின் ஒரு முனையைப் பிடித்திருந்தவன் நான். அப்போது என் மனசில் ஓடியதைச் சொன்னால் நீ காறித் துப்புவாய். இனிமேல் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு நொடி, ஒரே நொடி, லேசாக இருந்தது. அந்த ஒரு நொடிக்காகத்தான் அன்றிலிருந்து நான் சரியாகத் தூங்குவதில்லை.

போன சீசனையும் அப்படியே ஓட்டினேன். நேற்று உன் மனைவி ஆள் விட்டு வரச்சொன்னாள். போனேன். முற்றத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணா, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், உன் ஸ்பேனர் பையையும் இந்த இரும்பு வளையத்தையும் எடுத்து வந்தாள்.

"பை இங்க சும்மாதானுங்களே கெடக்குது. இன்ஜினுக்கு ஒதவட்டும்."

"இந்த வளையம் என்னம்மா?"

"அவுரு எங்கியோ பழைய சாமான்ல இருந்து கொண்டாந்தாருங்க. கடைசி ஏழு மாசமும் இதையத்தான் வெச்சுட்டிருந்தாரு. சாயங்காலமாச்சுன்னா சமையக்கட்டுல உக்காந்துக்குவாரு. சீலை இதுல வெச்சு, தட்டித் தட்டி உக்கார வெப்பாரு. பெறகு பேத்து எடுப்பாரு. மறுபடியும் வெப்பாரு. என்னையக் கூப்புட்டு, 'உனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதில்ல, கோணலா இருக்குதா பாரு'ம்பாரு. எனக்கென்னங்க தெரியும்? நேராத்தான் இருக்குதுன்னு சொல்லுவேன். 'என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றே'ம்பாருங்க."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்க பாத்துச் சொல்லுங்கண்ணா. இது கோணலாவா இருக்குது?"

நான் வளையத்தை வாங்கினேன். வாசல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எனக்கு வாய் கோணிக்கொண்டு வந்தது. அப்படியே படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். துண்டு, நீ கேட்டது, நான் சொன்னது, சேலத்துக்காரர் சொன்னது, ஞாயிற்றுக்கிழமை, எல்லாம். அவள் மிளகில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இதைய அப்பவே சொல்லியிருந்தா அவுரு சிரிச்சிருப்பாருங்கண்ணா" என்றாள் கடைசியில். "ஒரு மாசத்துக்கு உங்களை வெச்சுக் கிண்டல் பண்ணியிருப்பாரு. வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லியிருப்பாரு. அவ்வளவுதானுங்களே."

உண்மை. அவ்வளவுதான். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு எனக்குக் கேட்டது. "துண்டுல வடிகட்டினயா? டிகாக்ஷன் எறங்குச்சா?" என்று நீ கேட்டிருப்பாய். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் உன் கை மேல் உனக்கே சந்தேகம் வர வைத்தேன்.

அவள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். எந்தத் தோட்டத்துக் காப்பி என்று கேட்டால் தெரியாது. எழுந்தபோது வளையத்தை நானே வைத்துக்கொள்ளச் சொன்னாள். வாசல் வரை வந்து, சத்தம் உயர்த்தாமல் சொன்னாள்: "எங்கிட்டச் சொன்னது போதாதுங்க. அந்த ஷெட்டுலதான எல்லாரு முன்னாடியும் அவுரு கையக் குறை சொன்னாங்க. அங்க சொல்லுங்க."

அதனால் இன்று சொன்னேன். இன்ஜினை ஓடவிடுவதற்கு முன்பு, எல்லா மூட்டையும் வந்து சேர்ந்த பிறகு. அந்தத் துண்டை நான் தூக்கி எறியவில்லை. ஒரு பழைய டப்பாவில் போட்டு, அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தேன். அதைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். நாலு வார்த்தையில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. துண்டைத் தூக்கிக் காட்டி மீதியையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. யாராவது ஒருவர் திட்டியிருந்தால் கூடத் தேவலை. வாழவந்திக்காரர் தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கி நானுமில்லீங்க சொன்னேன் அவரை" என்றார். "நான் இப்ப யாருகிட்டப் போயிச் சொல்லுவேன்?"

நான் இன்னொருவருக்கும் இந்தச் சுமையை ஏற்றிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. சொன்னதால் எனக்குப் பாரம் குறைந்ததா என்று கேட்டால், இல்லை. உன் கைக்கு அந்த ஷெட்டில் நல்ல பேர் திரும்பி வந்தது. அது உனக்குத் தெரியப் போவதில்லை. நீ போகும்போது உன் கை போய்விட்டது என்று நம்பிக்கொண்டேதான் போனாய். அதை எந்த ஊர் கூடிச் சொன்னாலும் மாற்ற முடியாது. அதுதான் எனக்கு மிச்சம்.

கொஞ்ச நேரம் கழித்து யாரோ, "பழம் சூடாகுதுங்க" என்றார்கள். உன் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, நட்டுகளை ஒருமுறை முடுக்கிப் பார்த்தேன். ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினேன். இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. உன் ஸ்டூல் பக்கம் என்னை அறியாமல் திரும்பினேன்.

பிறகு பின்பக்கம் போனேன். சரிவு வழுக்கியது, எனக்கும் இப்போது முட்டி சரியில்லை. குழாய் முனையைக் கண்ணால் பார்த்தேன். குளவிக் கூடு இல்லை. அது போதவில்லை. உள்ளங்கையை விரித்து முனைக்கு எதிரே வைத்தேன். சூடாக, விட்டு விட்டு, காற்று வந்து கையில் பட்டது.

"பாத்துட்டேன்" என்றேன்.

இன்ஜின் சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை, சத்தமாகச் சொன்னேன்.